வெள்ளை மாத்திரை ரெண்டு

புதுசா மீன்பிடி போட்டு ஓட்டப் போற தம்பிங்களா, கொஞ்ச நேரம் உக்காருங்க. காத்து எப்படித் திரும்பும், எந்த ஆழத்துல என்ன மீன் படும், எங்க பாறை வலையைக் கிழிக்கும்னு நான் சொல்லப் போறதில்ல. அதுல பாதியை இப்ப உங்க கையில இருக்கிற ஜிபிஎஸ் மிசினே சொல்லிடுது. மீதியைக் கடலே ரெண்டு அறை விட்டுச் சொல்லிக் கொடுக்கும். நான் சொல்ல வந்தது என் உடம்பைப் பத்தி. பின்னாடி ஒருத்தன் "பெருசு வியாதிக் கதையை எடுத்துட்டாரு"ன்னு முணுமுணுக்கிறான். காது எனக்கு நல்லாத்தான் கேக்குது தம்பி.

எனக்குச் சொந்த ஊரு கருக்களாச்சேரி. விசைப்படகு டிரைவரா முப்பது வருசத்துக்கு மேல ஓட்டிட்டு இப்பதான் கரையில உக்காந்திருக்கேன். புயல்ல மாட்டியிருக்கேன். எஞ்சின் நின்னு ரெண்டு நாள் தண்ணி போற பக்கமெல்லாம் போயிருக்கேன். அப்பல்லாம் பயந்தேன், இல்லைன்னு சொல்லல. ஆனா ஈரக்கொலை நடுங்குற பயம்னா என்னன்னு எனக்குக் காட்டினது ஒரு ஊறுகாய் டப்பா.

எனக்குச் சக்கரை இருக்குன்னு தெரிஞ்சது ஒரு மீன்பிடித் தடைக்காலத்துல. ஊருக்கு மருத்துவ முகாம் வந்துச்சு. போட்டெல்லாம் கரையில கிடக்கு, வேற வேலை இல்ல, போய் விரலை நீட்டினோம். சக்கரையும் இருக்கு, பிரஷரும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அங்க இருந்த நர்ஸம்மா பொறுமையானவங்க. ஒவ்வொரு அட்டையா எடுத்துக் காட்டி, இது பேரு இது, இது எதுக்கு, இதைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்கக்கூடாது, கை நடுங்கி வேர்த்துக் கொட்டினா என்ன செய்யணும்னு நிறுத்தி நிதானமாத்தான் சொன்னாங்க. நான் "சரிங்கம்மா, சரிங்கம்மா"ன்னு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். மனசு பூரா வலை இழுக்குற வின்ச்சு ரிப்பேர்ல இருந்துச்சு. வெளிய வந்ததும் என் வீட்டுக்காரி சரோஜா "என்னா சொன்னாங்க?"ன்னு கேட்டுச்சு. "இனிப்பு திங்கக்கூடாதாம்"னேன். நான் கத்துக்கிட்ட வைத்தியம் அவ்வளவுதான்.

எங்கப்பாவுக்குச் சக்கரையில காலை எடுத்தாங்க. அதைப் பாத்தது சரோஜா. அதுலேருந்து எங்க வீட்டுல இனிப்புன்னா விஷம். சரோஜாவோட தம்பி கலியபெருமாள் என் போட்டுல எஞ்சின் பாக்குறவன். என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன். அவனைக் கூப்பிட்டு, "மாமா வாயில சீனி படாம பாத்துக்கடா, என் மேல சத்தியம்"னு சொல்லி அனுப்பிடுச்சு. அவன் அதை அம்மன் வாக்கா எடுத்துக்கிட்டான். போட்டுல இருந்த சீனியை எல்லாம் தகரப் பெட்டியில வச்சுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டான். மத்தவங்களுக்கு டீ போடணும்னாக்கூட சமையல் பாக்குற ஏழுமலை அவன்கிட்டப் போய் நிக்கணும். "கல்யாணச் சீர் மாதிரிப் பூட்டி வச்சிருக்காரு"ன்னு ஏழுமலை கிண்டல் பண்ணுவான். நாங்களும் சிரிப்போம்.

இப்ப டப்பா கதைக்கு வர்றேன். கடல்ல மாத்திரை அட்டை தாங்காது. உப்புக் காத்துல எழுத்து அழிஞ்சு போவும், பின்னாடி இருக்கிற ஜிகினாத் தாள் பூத்துப் பொடியா உதிரும். அதனால கரையிலேயே எல்லா மாத்திரையையும் அட்டையிலேருந்து பிதுக்கி எடுத்து, மூடி இறுக்கமா இருக்கிற ஊறுகாய் டப்பாவுல போட்டு, ஈரம் இழுக்க ஒரு பிடி அரிசியையும் போட்டு, கேபின்ல கட்டி வச்சிருவோம். அதுல எங்களுக்குப் பெருமை வேற. போட்டுக்கு ஒரே டப்பாதான். காய்ச்சல் மாத்திரை, கேஸ் மாத்திரை, இடுப்பு வலி மாத்திரை, என் சக்கரை, என் பிரஷர், கலியபெருமாளோட பிரஷர், எல்லாம் ஒண்ணா அரிசிக்குள்ள கிடக்கும். வலையும் சோறும் பொதுவா இருக்கும்போது மாத்திரை மட்டும் தனியா என்னத்துக்குன்னு நினைப்பு. இப்பவும் பல போட்டுல அந்த டப்பா தொங்குது, எனக்குத் தெரியும். மூஞ்சியைத் திருப்பாதீங்க.

எது எதுன்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. நீட்டா இருந்தா சக்கரை, சின்ன உருண்டையா இருந்தா பிரஷர். ரெண்டும் வெள்ளை. பேரெல்லாம் எவனுக்கு வேணும்? இது நடந்த மாசம் மாத்திரை வாங்கப் போனப்ப வேற கம்பெனி மாத்திரை வந்திருந்துச்சு. மருந்து எடுத்துக் கொடுத்த பொண்ணு, "ஐயா, சக்கரை மாத்திரை இந்தத் தடவை வடிவம் மாறியிருக்கு, உருண்டையா இருக்கும், பேரைப் பாத்துப் போடுங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லிச்சு. நான் என்ன சொல்லியிருப்பேன்? "சரிம்மா"ன்னுதான். வீட்டுக்கு வந்து அத்தனையையும் பிதுக்கி, பழைய நீட்டு மாத்திரை கொஞ்சம் மிச்சமிருந்த அதே டப்பாவுல போட்டுக் குலுக்கினேன்.

கடலுக்குப் போய் மூணாவது நாள் காலையில, கோடியக்கரைக்குக் கிழக்கே கிடக்குறோம். அந்தப் பக்கம் இலங்கை எல்லைக்கோடு கிட்ட. தெரியாம தாண்டினாலும் போட்டும் போச்சு, ஆளும் உள்ள போயிடும். அந்த இடத்துல எப்பவும் ஒரு கண்ணு மிசின் மேலயே இருக்கும். விடியற நேரம் சீனி போடாத டீயைக் குடிச்சுட்டு, டப்பாவைத் தொறந்து நீட்டுல ஒண்ணு, உருண்டையில ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டேன். கலியபெருமாள் வந்து, "மாமா, தலை கனமா இருக்கு, பிரஷர் மாத்திரையை எடுங்க"ன்னான். உருண்டையில ஒண்ணு எடுத்தேன். அவன் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்துட்டு, "ஒண்ணுக்கெல்லாம் கேக்காதுடா, ரெண்டாப் போடு"ன்னு இன்னொண்ணையும் அவன் உள்ளங்கையில வச்சேன். பெரிய டாக்டரு நானு. அவன் குனிஞ்சு பாக்கக்கூட இல்ல, அப்படியே வாயில போட்டுத் தண்ணியைக் குடிச்சான். நான் கொடுத்ததை அவன் என்னிக்கும் பாத்ததில்ல.

எங்க போட்டுல வலை மேல வர்ற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டோம். சோறு சட்டியில இருக்கும், கை வலையில இருக்கும். அன்னிக்குன்னு பாத்து வலை அடியில எதுலயோ மாட்டிக்கிச்சு. இழுத்தா வரல, விட்டா கிழியுது. ஒரு மணி நேரத்துல முடிய வேண்டிய வேலை மூணு மணி நேரம் ஆச்சு.

மொத எனக்குக் கோவம் வந்துச்சு. எனக்குக் கோவம் வர்றது புதுசு இல்ல, என் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும். ஆனா அன்னிக்கு வந்த கோவம் வேற. வலையைப் பிடிச்சிருந்தவன் இருமினதுக்கு அவன் அப்பனைத் திட்டினேன். கை நடுங்குச்சு. பசின்னா பசி, வயித்துக்குள்ள யாரோ கையை விட்டுப் பிசையற பசி. சட்டை தொப்பலா நனைஞ்சுது. வெயில்ல வலை இழுக்குறவனுக்கு வேர்க்காம என்ன செய்யும்னு எல்லாரும் நினைச்சாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் மிசின்ல இருக்கிற நம்பரைப் பாக்குறேன், படிக்க முடியல. நம்பர் தெரியுது, அது என்னன்னு புரியல. தினம் பாத்த நம்பருங்க. அப்ப எனக்குள்ள ஒரு பயம் வந்துச்சு பாருங்க, சாவப் போறோம்னு நிச்சயமாத் தெரிஞ்சுது. வாயைத் தொறந்து சொல்லணும்னு பாத்தேன், நாக்கு எழும்பல.

அதுக்கப்புறம் நடந்தது ஏழுமலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேபின்லேருந்து எறங்கி வந்து, கடலைக் காட்டி, "பஸ் வந்துடுச்சு, ஏறுங்க"ன்னு சொன்னேனாம். ஒருத்தன் சிரிச்சுட்டானாம். அடுத்த நிமிசம் நான் பலகையில சாஞ்சுட்டேன். கண்ணு தொறந்திருக்கு, கூப்பிட்டா உம்ங்குறேன், ஆனா யாரையும் அடையாளம் தெரியல. ஒருத்தன் நெஞ்சுவலிங்குறான், ஒருத்தன் காத்துக் கருப்புங்குறான். யாருக்கும் கை ஓடல கால் ஓடல. ஏழுமலைதான் ஓடிப்போய் வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தியிருக்கான்.

வடக்கே நம்ம பக்கத்துப் போட்டு ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. அதோட டிரைவர் மூத்தவரு. அவருக்கும் சக்கரை, பல வருசமா ஊசி போட்டுக்கிறவரு. பேரு வேணாம், அவருக்குப் பிடிக்காது. அவரு கேட்ட மொதக் கேள்வி, "வேர்த்திருக்கா? நடுங்குதா? சாப்பிட்டாரா?" ஏழுமலை வேர்த்திருக்கு, நடுங்குது, சாப்பிடலன்னு சொல்லியிருக்கான். "சக்கரை எறங்கிடுச்சுடா. சீனியைக் கரைச்சுக் கொடு, இப்பவே."

கலியபெருமாள் குறுக்க வந்து நின்னுட்டான். "சக்கரைக்காரன் வாயில சீனியைக் கொட்டிக் கொல்லப் பாக்குறியா? எங்கக்காவுக்கு என்னா பதில் சொல்றது?"ன்னு ஏழுமலை சட்டையைப் பிடிச்சுட்டான். சாவியைக் கேட்டா கொடுக்கல. தகரப் பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டான். வயர்லெஸ்ல அந்த மனுசன் கத்துறாரு, "ஏறினா ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது, எறங்கினா அரை மணியில ஆள் போயிடுவான். முழுங்குறானா பாரு. முழுங்கினா கொடு. முழுங்கலன்னா சொட்டுத் தண்ணிகூட ஊத்தாத, மூச்சுல போயிடும்!" ஒரு பக்கம் அக்காவுக்குப் பண்ணின சத்தியம், ஒரு பக்கம் முகம் தெரியாத குரல். நடுவுல நான் கிடக்குறேன்.

ஏழுமலை நல்லா யோசிச்சான் தம்பிங்களா. அவனுக்கு அப்ப இருந்த பயத்தை நினைச்சுப் பாருங்க. கொடுத்து நான் செத்தா கொலைகாரன்னு அவன் பேருதான் வரும். கொடுக்காம செத்தா விதின்னு சொல்லிட்டுப் போயிடலாம். கை கட்டி நின்னவனை யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல. ஆனா அவன் ரெண்டு பேரை விட்டுக் கலியபெருமாளைத் தூக்கிட்டு, இரும்புக் கம்பியால பூட்டைத் தட்டி உடைச்சு, ஒரு டம்ளர் தண்ணியில அள்ளிப் போட்டுக் கரைச்சு, என்னை உக்கார வச்சு மடக்கு மடக்கா குடுத்தான். பத்து நிமிசம் பாத்துட்டு இன்னொரு டம்ளர். கால் மணி நேரத்துல எனக்கு ஏழுமலை மூஞ்சி தெரிஞ்சுது. அவன் அழுதுகிட்டு இருந்தான்.

"எந்திரிக்காதீங்கண்ணே, சோறு கொண்டாரேன்"னான். சோத்தைப் பிசைஞ்சு தின்னுக்கிட்டே, "வீல்ல யாரு?"ன்னு கேட்டேன். "கலியபெருமாள்தான். கரைக்குப் போவோம்னு வலையை அறுத்து விட்டுட்டு ஓட்டுறாரு"ன்னான். சரி, நல்லதுதான்னு ரெண்டு வாய் தின்னிருப்பேன். வெயில் கண்ணைக் குத்துச்சு. முன்னாடிப் பக்கம் பாத்து உக்காந்திருக்கேன், மணி ஒம்பதரை இருக்கும். நமக்குக் கரை மேக்கே. மேக்கே போற போட்டுல காலை வெயில் முதுகுலதானே அடிக்கணும்? எனக்கு மூஞ்சியில அடிக்குது. நாங்க கிழக்கே போய்க்கிட்டிருந்தோம், எல்லையைப் பாத்து, முழு வேகத்துல.

சட்டியைத் தள்ளிட்டுக் கேபினுக்குத் தவழ்ந்துதான் போனேன், கால் நிக்கல. "மச்சான், எங்கடா போற?" "கரைக்குத்தான்"னான், திரும்பிப் பாக்காம. "வெயில் எங்க அடிக்குது பாரு." "உங்களுக்குச் சரியில்ல மாமா, போய்ப் படுங்க"ன்னு எரிஞ்சு விழுந்தான். என்கிட்ட அவன் குரலை ஒசத்தினதே கிடையாது. அப்பதான் அவனை நல்லாப் பாத்தேன். சட்டை முதுகோட ஒட்டியிருக்கு. காத்து அடிக்கிற கேபின்ல நின்னுக்கிட்டு இருக்கான், மோவாயிலேருந்து சொட்டுது. வீல்ல இருக்கிற கை உதறுது. கொஞ்ச நேரம் முன்னாடி என் கை உதறினது எப்படியோ அதே மாதிரி.

அவனுக்குச் சக்கரையே கிடையாதே! அப்புறம் எப்படி? அந்த நிமிசம் எனக்கு உருண்டை மாத்திரை ஞாபகம் வந்துச்சு. மருந்து கொடுத்த பொண்ணு சொன்னது, வடிவம் மாறியிருக்குன்னு. நான் போட்டது நீட்டு, உருண்டை ரெண்டுமே சக்கரை மாத்திரை. அவனுக்குக் கொடுத்தது? ஐயோ, என் கையால, ரெண்டாப் போடுன்னு சொல்லி. தம்பிங்களா, நான் அங்கேயே உக்காந்துட்டேன். பொட்டி மேல உக்காந்து அவன் அடம் பிடிச்சதுல பாசம் எவ்வளவு, என் மாத்திரை எவ்வளவுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல.

வயர்லெஸ்ஸை எடுத்து அந்த மூத்தவருகிட்டக் கேட்டேன். "அண்ணே, சக்கரை இல்லாதவன் சக்கரை மாத்திரையைப் போட்டுட்டா?" எத்தனை போட்டான்னு கேட்டாரு, சொன்னேன். அப்புறம் மெதுவா, "அவனுக்கு இன்னும் மோசம்டா. உடனே கொடு. கொடுத்துக்கிட்டே இரு. தெளிஞ்சாலும் நம்பாத, அந்த மாத்திரை போவாது, திரும்ப இழுக்கும்"னாரு. கரையில சொல்லி வேகமா வர்ற ஃபைபர் போட்டு ஒண்ணை எதிர அனுப்பச் சொல்லுறேன், ஓட்டிக்கிட்டு வான்னும் சொன்னாரு.

ஏழுமலை சீனித் தண்ணியோட வந்தான். கலியபெருமாள் கையால ஒரு தட்டு தட்டினான், டம்ளர் பறந்துச்சு. "எனக்கு எதுக்கு? எனக்கு என்னா வியாதியா?" நாலு பேரு சேந்து பிடிச்சு ஊத்திடலாம்னாங்க. வீல் அவன் கையில, எல்லை மூக்குக்கு நேரே, பிடிச்சு இழுத்தா என்ன பண்ணுவானோ தெரியாது. மல்லுக்கட்டி ஊத்தினா புரையேறும். எனக்குத் தலை இன்னும் பாதிதான் வேலை செய்யுது. ஆனா அவனை எனக்குத் தெரியும். சாவுற நேரத்துலயும் டீ வேணாம்னு சொல்லமாட்டான். ஏழுமலைகிட்ட, "ஆறின டீயில சீனியைப் பாதி கிளாஸுக்குக் கொட்டிக் கொண்டா"ன்னேன். வாங்கி, "இந்தா மச்சான், டீ"ன்னு சும்மா எப்பவும் குடுக்குற மாதிரி நீட்டினேன். கை தானா வந்து வாங்குச்சு. பாதி குடிச்சான். குடிக்கிறப்பவே நான் தோளால மெதுவா நெருக்கி வீலைப் பிடிச்சேன். போட்டு சுத்தி வந்து வெயில் முதுகுப் பக்கம் போனதும் எனக்கு மூச்சு வந்துச்சு.

அது நிக்கல. கொஞ்சம் தெளிஞ்சு "என்னா மாமா"ன்னான். பத்து நிமிசத்துல தலை தொங்கிப் போச்சு. எழுப்பினோம், இன்னும் கொஞ்சம் குடுத்தோம், தெளிஞ்சான், திரும்பத் தொங்கினான். ஒவ்வொரு தடவையும் தெளிவு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நடுவுல என் கையும் மறுபடி நடுங்க ஆரம்பிச்சுது. இந்தத் தடவை எனக்கு அது என்னன்னு தெரியும், ஒரு பிடி சீனியை வாயில போட்டுக்கிட்டு ஓட்டினேன். கடைசியில அவனைக் கூப்பிட்டா பதிலே இல்ல. கிள்ளினா முனகல்கூட இல்ல. ஏழுமலை டம்ளரை எடுத்துக்கிட்டு ஓடியாந்தான்.

"ஊத்தாத!"ன்னு கத்தினேன்.

"செத்துடுவாருண்ணே, ஒரு வாய் ஊத்துறேண்ணே!" அவன் என் காலைப் பிடிக்கிறான். ஒரு மணி நேரம் முன்னாடி என்னைக் காப்பாத்தினதே அந்தத் தண்ணிதான், அதே தண்ணியை இப்ப ஊத்தாதேங்கிறேன். எனக்கே அது நியாயமாப் படல. என் மனசும் ஊத்து ஊத்துன்னுதான் அடிச்சுக்குது. எவ்வளவு சீனி இருந்து என்ன, முழுங்காதவனுக்கு அது கடல் தண்ணிதான், நுரையீரல்லதான் போவும். அவனை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொன்னேன், வாயை ஒரு பக்கமாத் திருப்பிவிடச் சொன்னேன். ஏழுமலையை அவன் நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டே இரு, மூச்சு இருக்கா இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருன்னேன். "இருக்குண்ணே... இருக்குண்ணே..." வீலைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கிட்டே வந்தேன். அவன் கொஞ்சம் லேட்டா சொன்னா எனக்கு உசுரு போயிப் போயி வந்துச்சு. அந்த மாதிரி பயம் என் விரோதிக்கும் வேணாம்.

முக்கால் மணி நேரத்துல ஃபைபர் போட்டு எதிர வந்துச்சு. அவனைத் தூக்கி அதுல மாத்திட்டு, வீலை ஏழுமலைகிட்டக் கொடுத்துட்டு, டப்பாவையும் அவிழ்த்துக்கிட்டு நானும் ஏறினேன். துறைமுகத்துல ஆம்புலன்ஸு நிக்குது. ஊரே நிக்குது. எனக்குத்தான் முடியலன்னு மொத சேதி போயிருந்துச்சு, அதனால சரோஜா என்னைத்தான் படுக்கையில தேடுச்சு. நான் நடந்து வர்றதைப் பாத்து ஒரு நிமிசம் அது முகம் மலர்ந்துச்சு. அப்புறம்தான் பின்னாடி தூக்கிட்டு வர்றது யாருன்னு பாத்துச்சு.

ஆஸ்பத்திரியில விரலைக் குத்திப் பாத்த நர்ஸு ஓடினதைப் பாத்தேன். கையில ஊசியைக் குத்தி மருந்து ஏத்தினாங்க. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "என்ன மாத்திரை கொடுத்தீங்க? எவ்வளவு பவர்?"ன்னு கேட்டாங்க. நான் டப்பாவை நீட்டினேன். அவங்க அதை ஒரு தட்டுல கொட்டினாங்க. அரிசிக்கு நடுவுல இருபது முப்பது வெள்ளை உருண்டை. "இதுல எது?" எட்டு பேரு ஒரே டப்பாவுல தின்னோம், ஒருத்தனுக்கும் ஒரு பேரு தெரியல. சரோஜா சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. "என் தம்பிக்கு என்னாத்தங்க குடுத்தீங்க?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. திட்டல, அழுவல. திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

அன்னிக்குப் பகலும் ராத்திரியும் மருந்து ஏற ஏறத் தெளியறதும், நிறுத்தினா எறங்குறதுமா இருந்தான். எழுந்தாலும் பழைய மாதிரி இருப்பானான்னு இப்ப சொல்ல முடியாதுன்னாங்க. நான் அந்த வராண்டாவுல உக்காந்துதான் படிச்சேன். படிப்புன்னா என்ன, போற வர்ற நர்ஸம்மாவை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். இது பேரு என்ன, இதைப் போட்டா எத்தனை மணி நேரம் உடம்புல நிக்கும், சாப்பிடலன்னா போடலாமா கூடாதா, ஒரு வேளை விட்டா அடுத்த வேளை ரெண்டாப் போடலாமா. எழுத்துக் கூட்டிக் கூட்டி என் மாத்திரை பேரைச் சிகரெட் அட்டையில எழுதி மனப்பாடம் பண்ணினேன். பக்கத்துல வரிச்சிக்குடி விவசாயி ஒருத்தரு, அவரும் சக்கரைக்காரரு, "பேரு தெரியாம எப்படிங்க இத்தனை நாள் முழுங்கினீங்க? நெல்லுக்கு அடிக்கிற மருந்துக்குக்கூட பேரு கேட்டுத்தானே வாங்குறோம்"னாரு. நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிக் கேட்டாரு.

அதனாலதான் உங்களை உக்கார வச்சுப் பேசுறேன். உங்க போட்டுல யாருக்கு என்ன வியாதின்னு டிரைவருக்குத் தெரியணும். வெக்கப்பட்டு மறைக்கிறவனைக் கடலுக்குக் கூட்டிப் போகாதீங்க. அட்டையை அட்டையோடயே பாலித்தீன் பையில கட்டிக் கொண்டு போங்க, ஆளுக்கு ஒரு பை. மாத்திரை போட்டவன் சாப்பிட்டே ஆகணும், வலை கிடந்தா கிடக்கட்டும். சீனியை எவனும் பூட்டக்கூடாது. இன்னொண்ணு, இது எல்லாத்தையும் விடப் பெருசு: உங்க மேல இருக்கிற மரியாதையில உங்க கையிலேருந்து எதை வாங்கினாலும் பாக்காம முழுங்குறவன் ஒருத்தன் உங்க போட்டுல இருப்பான். டிரைவரா இருக்கிறதுல எனக்கு இப்பவும் பயம் தர்றது அது ஒண்ணுதான்.

ரெண்டாம் நாள் காலையில கலியபெருமாள் கண்ணைத் தொறந்தான். சரோஜாவைப் பாத்து "அக்கா"ன்னான். டாக்டரம்மா பேரு கேட்டாங்க, சொன்னான். ஊரு கேட்டாங்க, சொன்னான். வெளிய நின்ன எனக்கு அழுகை வந்துடுச்சு, வெக்கத்தை விட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள விட்டாங்க. கட்டில் பக்கத்துல போய் நின்னேன். அப்ப நர்ஸு அவனோட பிரஷர் மாத்திரையைக் கொண்டாந்து வாய்கிட்ட நீட்டுச்சு. அவன் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டான். "வாயைத் தொறங்கண்ணே"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, தொறக்கல. கையை நீட்டி மாத்திரையை வாங்கி, கண்ணுக்கு நேரே வச்சு, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தான்.

"இது பேரு என்னா?"ன்னு கேட்டான். கேட்டது நர்ஸை. ஆனா பாத்தது என்னை.